கரண்டும் மாமா பிடித்த கயிறும்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த வாத்தியார் ஒரு நாள் பலகையில் ‘கரண்ட்’ என்ற சொல்லை எழுதி, நீரோட்டம் என்று பொருள் சொன்னார். எழுதிக்கொண்டோம். மறுநாள் அதே சொல்லுக்கு மின்சாரம் என்றார். எங்கள் பெரியபட்டினத்துக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. ராமநாதபுரம் போய் வந்தவர்கள் சொல்லித்தான் கேள்வி. பிறகு, தற்போது நடப்பில் இருப்பதற்கும் அதுதான் சொல் என்றார். மூன்று பொருளுக்கும் வாக்கியம் எழுதி வரச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். வெள்ளைக்காரனுக்கு அப்படி என்ன சொல் பஞ்சமோ, எனக்குத் தலை சுற்றியது.

இப்படிப்பட்ட சந்தேகங்களை மாமாவிடம்தான் கேட்பேன். உம்மாவின் அண்ணன்; உம்மா காக்கா என்று கூப்பிடுவாள். கொழும்பில் கடையில் இருந்தபோது கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர். ஆனால் அந்தச் சமயம் மாமா எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. எனக்கு மூத்தவளான லாத்தாவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். வாப்பா அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கீழக்கரையில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர, இருவரும் ஒரே தோணியில் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வாப்பா சங்கு குளிப்பவர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார்; மூச்சு முட்டினால் கயிற்றை ஆட்டுவார். மேலே தோணியில் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது மாமா. எங்கள் கரையில் அதை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சியை வெள்ளை உடுத்தவைக்க எந்த அண்ணனுக்கும் மனசு வராது என்ற நம்பிக்கை.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. முகம் கொடுத்துப் பேசாத மனுஷர் கையில் வாப்பாவின் உயிர் இருப்பது பயமாக இருந்தது.

“மாமா கோவத்துல கயித்த விட்டுட்டா?” என்று உம்மாவிடம் கேட்டேன்.

“வாயக் கழுவு! எங்க காக்காவப் பாத்தா பேசுற?” என்று முதுகில் ஒன்று வைத்தாள். அன்று மதியமே, தோணி தெரிகிறதா என்று கடற்கரையில் போய் நின்றவளும் அவள்தான்.

நீரோட்டத்தைப் பற்றியாவது உருப்படியாக எழுதுவோம் என்று வாப்பாவிடம் கேட்டேன். கடலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

“நாங்க நீவாடுண்டு சொல்லுவோம். மேல ஒரு பக்கம் போவும், அடியில வேற பக்கம் இழுக்கும். மேல உள்ளத நம்பி எறங்குனா அம்புட்டுத்தான்.”

மூன்று பொருளுக்கே வழி தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன். இப்போது முதல் பொருளே இரண்டாகிவிட்டது.

அந்த வாரமே ஒரு நாள் வாப்பா கடலிலிருந்து வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

“ஒன் காக்கா என் பொழப்பக் கெடுத்துட்டாரு! கீழ சங்கு குமிஞ்சு கெடக்கு. அள்ளிப் பையில போட்டுக்கிட்டு இருக்கேன். அப்புறம் ஒண்ணும் நெனவில்ல. கண்ணு முழிச்சுப் பாத்தா தோணியில மல்லாக்கக் கெடக்கேன். பையுமில்ல, சங்குமில்ல. கயித்த ஆட்டுனாத்தான இழுக்கணும்? நான் ஆட்டவே இல்ல!”

எனக்கு ரத்தம் கொதித்தது. லாத்தாவைக் கொடுக்காததற்கு மாமா பழிவாங்கிவிட்டார் என்று முடிவு கட்டினேன். உம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஆட்டவே இல்லையா?”

“இல்லங்குறேன்ல.”

உம்மா அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, பாறை மீன் ஆணத்தில் நடுத்துண்டுகளாகப் பார்த்து ஒரு கிண்ணத்தில் எடுத்து, மாமா வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். வாப்பா ஒரு சத்தம் போடுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

“மூடிக் கொண்டு போ, பருந்து தட்டிரும்” என்றார் வாப்பா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமாவின் உள்ளங்கைகளில் மாமி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. பாவமாக இருந்தாலும் நான் விடவில்லை.

“வாப்பா கயித்த ஆட்டாம நீங்க எதுக்கு இழுத்தீங்க?”

“ஆடலம்மா. அதான் இழுத்தேன்” என்றார் மாமா. பிறகு, “வாப்பா சோறு தின்னாரா?” என்று கேட்டார்.

குற்றத்தை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டதாக நினைத்தேன். மாமி சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். முதல் வாயிலேயே அவர் கண் கலங்கியது. உம்மாவின் ஆணத்தில் உறைப்பு அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கரண்டைப் பற்றி அவரிடம் கேட்கவும் இல்லை. மறுநாள் நானாக எழுதிக்கொண்டு போன மூன்று வாக்கியங்களையும் வாத்தியார் அடித்துவிட்டார்.

லாத்தாவின் நிக்காஹ் வரைக்கும் நான் மாமாவிடம் பேசவில்லை. வாப்பாவோ அதற்குப் பிறகும் அந்தச் சங்குகளைச் சொல்லிச் சொல்லி மாமாவைத் திட்டிக்கொண்டே, அவர் கையில் கயிற்றைக் கொடுத்து இறங்கிக்கொண்டிருந்தார். கயிறு ஆடினால் யார் வேண்டுமானாலும் இழுத்துவிடலாம். ஆடாதபோது இழுப்பதற்குத்தான் மச்சினன் வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.