அத்தை புதுசு என்று ஒத்துக்கொண்ட காசு

வெற்றிலைக் கூடையின் மேல் போட்டிருந்த சாக்கு காய்ந்து கிடந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இசக்கி அத்தை அந்தச் சாக்கைக் காயவிட்டதில்லை. பக்கத்தில் சர்பத் விற்கிறவர், "ஏளா, ஒனக்கு இன்னும் சேதி வரலையா? விடியக்காலமே போய்ட்டாளே" என்றார். நான் சாக்கில் தண்ணீர் தெளித்துவிட்டு அத்தை வீட்டுக்கு நடந்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

உங்களில் பலர் துறைமுக வாசலில் அத்தையிடம் ஆத்தூர் வெற்றிலை வாங்கியவர்கள். கப்பல்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன பல தேசத்துக் காசுகளை அவர் ஒரு பிஸ்கோத்துத் தகரத்தில் சேர்த்து வைத்திருந்ததும் உங்களுக்குத் தெரியும். செல்லாக் காசுக்குக் காவல் என்று நீங்கள் கேலி செய்தது அவர் காதிலும் விழுந்தது. கண்ணில் புரை விழுந்த பிறகு, எந்தக் காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அஞ்சாம் வகுப்போடு நின்று வீட்டில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

நான் வாய் திறக்காத பெண். ஆனால் அவரிடம் தலையாட்டிப் பயனில்லை, அவர் கண்ணுக்குத் தெரியாது. "காதுக்கு மேல முடி பிரிஞ்சு தெரியுதா, ஒட்டிக் கெடக்கா?" என்று காசிலிருக்கும் தலையைப் பற்றிக் கேட்பார். காசில் மேடான இடம்தான் முதலில் தேயும். "நல்லாருக்கு அத்தை" என்றால் கோபம் வரும். "நல்லாருக்கா இல்லையான்னு நான் சொல்லுதேன். நீ கண்டதச் சொல்லு." நான் சொல்லச் சொல்ல அவர் தரம் பிரிப்பார்: மொட்டை, தேஞ்சது, பழகினது. புதுசு என்று சொல்ல மட்டும் மனம் வராது. ஒல்லாந்து ராணியின் தலை போட்ட பெரிய வெள்ளிக் காசு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான், "சரி, புதுசுன்னே வச்சுக்கிடுவோம்" என்றார். தகரத்தில் புதுசு அது ஒன்றுதான்.

ஒரு தோணிக்காரர் அவருக்குப் பிடிக்குமே என்று ஒரு காசைப் புளி போட்டு விளக்கிக்கொண்டு வந்தார். அத்தை அதை விரலால் தடவிப் பார்த்தார். "ஏலே, மூஞ்சியக் கழுவிட்டு வான்னா தோல உரிச்சுட்டு வந்திருக்கியே!"

"அப்போ அழுக்கோடயா வேணும்?"

"அழுக்கோட கொண்டா. வெத்தலை சும்மா தாரேன்."

தோணிக்காரர் சிரித்துக்கொண்டே வெற்றிலையையும் வாங்கிக்கொண்டு போனார்.

அத்தையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, கண்டதைச் சொல்லும் அந்தப் பழக்கம் மட்டும்தான். அவர் வீட்டில் அன்று அது எனக்கு வேண்டியிருந்தது.

குளிப்பாட்டித் திருநீறு பூசிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் வைக்க வெள்ளி ரூபாய் இல்லை. இந்த உலகச் சண்டைக் காலத்தில் யார் வீட்டில்தான் வெள்ளியைப் பதுக்காமல் வெளியே வைத்திருக்கிறார்கள்? அத்தையின் நாத்தனார் கோமதி அம்மாள் தகரத்தைத் திறந்து, ஒல்லாந்துக் காசை எடுத்தார். வெள்ளி கறுத்திருந்தது. ஒரு கிண்ணத்தில் புளி கரைத்து, காசைத் தேய்க்க விரலால் தொட்டு எடுத்தார்.

"தேய்க்காதீங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "ஏயம்மா, இவளுக்கு வாய் இருக்கா!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "காசு மேல கண்ணு போலுக்கு" என்றாள்.

கோமதி அம்மாளுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். "மதினிக்குக் கடைசியா வைக்கிறது. நல்லதா ஒண்ணு வைக்காண்டாமா?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது.

நெற்றிக் காசு சுடுகாட்டில் வெட்டியானுக்குப் போய்விடும். திரும்பி வராது. அது எனக்குத் தெரியும்.

"அதையே வைங்க. தேய்க்காம வைங்க."

"கறுத்துக் கெடக்கேளா."

"கறுப்பு மேலதான் இருக்கு. காதுக்கு மேல முடி ஒண்ணொண்ணாத் தெரியுது. கன்னத்துல ஒரு கீறல் கெடையாது. தேய்ச்சா அதெல்லாம் போயிரும்."

கோமதி அம்மாள் காசைச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ, கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டுக் காசை என்னிடம் நீட்டினார். "அப்போ நீயே வை."

ராணியின் முகம் மேலே இருக்கும்படி அத்தையின் நெற்றியில் வைத்தேன்.