வாயடைத்த மோடம்

கம்ப்யூட்டரை டெலிபோன் லைனில் இணைக்கும் மோடத்துக்கு எதைச் சொல்வதானாலும் ‘ஏ’, ‘டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தட்டி, ‘ஏடி’ என்று ஆரம்பிக்க வேண்டும். ஏடி, டயல் செய். ஏடி, லைனை வை. என் வீட்டில் நான் அதட்டினால் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

அப்போது மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்து, மாலை நான்கு மணிக்குள் மோடம் வழியாக அனுப்புவது என் வேலை. கைக்குழந்தையோடு அந்த வருஷம் முழுக்க அலுப்பிலேயே கழிந்தது. மோடத்தின் பெட்டி மேல் ஐம்பத்தாறாயிரம் வேகம் என்று போட்டிருக்கும். எதிர்முனை மோடமும் இதுவும் கீச்சிட்டுப் பேரம் பேசி முடிக்கும்போது, எங்கள் தெருவின் ஈரம் ஏறிய கம்பியில் பதினாலாயிரம் தேறினால் பெரிய விஷயம். அந்தக் கீச்சில் குழந்தை எழுந்துவிடுவாள். எழுந்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் ‘எம் சைபர்’ என்ற கட்டளையைச் சேர்த்து ஸ்பீக்கரை அடைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை இணையக் கம்பெனி டயல் செய்யப் புது எண் கொடுத்தது. மத்தியானம் வேலையை அனுப்ப உட்கார்ந்தபோது, தூக்கக் கலக்கத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். மோடம் கூப்பிடும், மறுமுனை மோடத்துக்காக ஒரு நிமிஷம் போலக் காத்திருக்கும், இணைப்புக் கிடைக்கவில்லை என்பதற்கு ‘கேரியர் இல்லை’ என்று திரையில் எழுதும், மறுபடி கூப்பிடும். மழையில் லைன் கெட்டிருக்கிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். மூன்று மணி ஆயிற்று. குழந்தை தானாகவே எழுந்து அழுதாள். இனி என்ன என்று ஸ்பீக்கரைத் திறந்தேன்.

ஒரு வயதான அம்மாவின் குரல் வந்தது. “கேக்குதாப்பா? அப்பாவுக்கு வியாழக்கெழம ஆபரேஷன். எப்படியாச்சும் வந்துடு.”

பதறிப்போய் ரிசீவரை எடுத்து, மோடத்தை நிறுத்தினேன்.

“அம்மா, ராங் நம்பர். இது கம்ப்யூட்டர் தானா போட்ட போன். மன்னிச்சுக்கோங்க.”

“துபாய்லேர்ந்து என் பையன் இல்லியா? மத்தியானத்துலேர்ந்து இருபது தடவ வந்துச்சே. பீப் பீப்னு சத்தம். அவன் பேசறதுதான் எனக்குக் கேக்கல, நான் பேசறது அவனுக்குக் கேக்கும்னு எல்லாத்தையும் சொல்லிக்கினே இருந்தேன். அப்ப அவனுக்கு இன்னும் தெரியாதா?”

அந்த அம்மாவுக்கு கே.கே. நகரில் வீடு. அந்தப் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. பையன்தான் கூப்பிட வேண்டும். அந்த லைனைத்தான் மத்தியானம் முழுக்க நான் பிடித்து வைத்திருந்தேன். என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. பையனுக்கு இ-மெயில் உண்டா என்று கேட்டேன். அவன் கடிதத்தில் எழுதியிருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தார். நான் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதற்குள், “வெச்சிடும்மா, வெச்சிடு. அவன் கூப்புடுவான்” என்று வைத்துவிட்டார்.

எண்ணைத் திருத்தி, முதலில் அப்பாவின் ஆபரேஷன் பற்றி இரண்டு வரி எழுதி அந்த முகவரிக்கு அனுப்பினேன். என் வேலை ஐந்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது; மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பையனிடமிருந்து பதில் வரவில்லை.

மறுநாள் மத்தியானம் அதே தப்பு எண்ணை என் விரலாலேயே போட்டேன். என்கேஜ்டு. கால் மணி கழித்துப் போட்டேன். அப்போதும் என்கேஜ்டு. இணையக் கம்பெனியின் லைன் கிடைக்காதபோதெல்லாம் திரையில் பார்த்து நான் திட்டித் தீர்த்த ‘என்கேஜ்டு’ அது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துபாய் போனாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.