செங்கம்மாள் அறுக்காத வலை

எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு மீன் தெரியும், கருவாடு தெரியும். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவள் செங்கம்மாள் ஒருத்திதான். அதுவும் ஆசைப்பட்டு வந்த தொழில் இல்லை. எழுபத்துநாலு ஐப்பசியில் அவள் புருஷன் சடையன், பக்கத்து வீட்டு முனிசாமியோடு கட்டுமரத்தில் தூண்டில் போடப் போனான். முனிசாமியின் உடம்பு மறுவாரம் கரை ஒதுங்கியது. சடையன் ஒதுங்கவே இல்லை.

உடம்பு கிடைக்காவிட்டாலும் காரியம் செய்துவிடுவதுதான் வழக்கம். செங்கம்மாள் சம்மதிக்கவில்லை. எப்போதும்போல் பூ வைத்தாள், பொட்டு வைத்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசினார்கள். பேசியவர்களின் புருஷன்மார் அவரவர் வீட்டில் பத்திரமாகப் படுத்திருந்தார்கள் என்பதை மட்டும் நான் சொல்லிவைக்கிறேன்.

மீன் வாங்கக் கரையில் நின்றால் கடலைப் பார்த்தாக வேண்டும். அது அவளால் முடியவில்லை. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெள்ளரி போட்டாள். மணலைத் தோண்டினால் ஊறும் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றினாள். பங்குனியில் பிஞ்சு பறித்து மாமல்லபுரம் பஸ் நிற்கும் இடத்தில் விற்றாள். முதல் கோடை நன்றாகவே போயிற்று.

இரண்டாவது கோடையில் மாசியிலேயே குட்டையெல்லாம் வற்றிவிட்டது. தோப்பிலிருந்த முயலும் நரியும் பசியும் தாகமுமாகத் தோட்டத்துக்கு வந்தன. முயல் கொழுந்தைக் கடித்தது. நரி பிஞ்சைக் கடித்துக் கொடியையும் பிடுங்கிப் போட்டது. முள் வெட்டிப் போட்டாள், பானைக்குச் சட்டை மாட்டி நிறுத்தினாள். நரிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

வீட்டில் சடையனின் நைலான் வலை இருந்தது. தூண்டிலுக்குப் போனதால் அன்று அதை எடுத்துப் போகவில்லை. அதைத்தான் சடையனின் தம்பி தேசப்பன் காட்டினான்.

"அத்த ரெண்டா அறுத்துக் கட்டு அண்ணி. நாலு பக்கமும் எட்டும்."

"அறுக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில், ஆள் உயிரோடு இருக்கும்வரை அவன் வலையில் வீட்டார் கத்தி வைப்பதில்லை. செத்த பிறகுதான் அறுத்துப் பங்காளிகள் பிரித்துக்கொள்வார்கள். தேசப்பனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

செங்கம்மாள் வலையை அறுக்காமல், முழுசாகவே கொண்டுபோய்த் தோப்புப் பக்கம் கழிகளில் தொங்கவிட்டாள். இழுத்துக் கட்ட முடியாத அகலம். மடிப்பு மடிப்பாக மணலில் கிடந்தது. கடலில் மீனுக்கு விரிக்கத் தெரிந்தவர்கள்தான் நாங்கள், நிலத்தில் அந்தத் தொய்வு என்ன செய்யும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் விடியலில் தண்ணீர் ஊற்றப் போனவள், மடிப்புக்குள் ஒரு நரி சிக்கிக் கிடப்பதைப் பார்த்தாள். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். அவளுக்கு வந்த யோகம் அது. பெட்டை நரி, மடியில் பால் கட்டியிருந்தது. புரண்டு புரண்டு நைலான் கழுத்தில் இறுகிப்போய், வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

தேசப்பன் தடியோடு ஓடிவந்தான்.

"தள்ளு அண்ணி. ஒரே அடி. வலைக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் விலகவில்லை. நரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒன் அண்ணனும் இப்டித்தான தவிச்சிருக்கும்" என்றாள்.

ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. தேசப்பன் தடியைக் கீழே போட்டான்.

"கத்தியக் குடு."

இடுப்பில் செருகியிருந்த கத்தியை அவன் எடுத்துக் கொடுத்தான். நரியின் தலையைக் கோணிப்பையால் அமுக்கிப் பிடித்தான். அவள் கழுத்தருகே அறுத்தாள். பிறகு காலருகே. பிறகு, எங்கெல்லாம் இறுகியிருந்ததோ அங்கெல்லாம் அறுத்தாள். விட்டதும் நரி தள்ளாடி எழுந்து, தோப்புக்குள் ஓடிவிட்டது. அது ஓடுவதைக்கூட அவள் பார்க்கவில்லை. அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கொடிகளுக்கு அன்று இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.

"தேசப்பா" என்றாள். "காரியத்துக்கு நாள் பாரு."

அந்த ஒரு வார்த்தைக்காக அவளை இத்தனை நாளும் நச்சரித்தவன் அவன்தான். கேட்டதும் அவள் எதிரில் அப்படியே உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று வாய்விட்டு அழுதான். அவன் அழுது முடிக்கும்வரை செங்கம்மாள்தான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.