செல்வியின் வீட்டில் தங்காத பயணம்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பெண்கள். நீண்ட விடுமுறை ஒன்றுக்கு, மலைநாட்டிலுள்ள ஒரு குளத்தைப் பார்க்கப் போவதென்று முடிவெடுத்தோம். ஆளரவமில்லாத, எந்நேரமும் காற்று வீசும் இடம். அதைப் பற்றிச் சொன்னவளே எங்கள் ஐவரில் ஒருத்தியான செல்விதான். குளத்துக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள்.

"ஹோட்டல் எதுக்கு அக்கா? எங்க வீட்டுலயே தங்கலாம். அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள். நான் சிரித்துத் தலையாட்டினேன்.

அன்று மத்தியானம் என் தங்கைக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். கைதவறி அது எங்கள் பயணத்துக்கான வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. இரண்டு மேசை தள்ளி, செல்வியின் போனிலிருந்து என் குரலே கேட்டது.

"லயத்துக்குள்ள போய் ஆர் படுக்கிறது? அதுகளின்ர பாயில படுத்தா எனக்கு நித்திரை வருமே?"

ஒருவரும் நிமிரவில்லை. செல்வி போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"உங்களுக்குன்னு அம்மா புதுப் பாய் வாங்கி வச்சிருக்காங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் ஹோட்டலில் தங்கினோம். செல்வி வரவில்லை. குளத்தருகே காற்று இரைந்துகொண்டிருந்தது. ஒருவரோடொருவர் கதைக்காமலிருக்க அது வசதியாகவும் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வழமைபோல, "குளிர் கூடவா அக்கா?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன்.

இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் உடனே பரவாயில்லை என்பாள். அப்படிச் சொல்ல அவளைப் பழக்கியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான்.