பதினைந்தாம் எண் ஜெர்சி

ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரத் திருப்பியதும் விரல்கள் நேரே அக்குளுக்குப் போயின. அழுக்கு குடியிருக்கும் இடம் அதுதான். கட்டிச் சோப்பை அழுத்தித் தேய்த்துப் பிழிந்தால் பழைய தேநீர் நிறத்தில் தண்ணீர் வழியும். அடுத்து கழுத்துப்பட்டி. அதற்கடுத்து வயிற்றுப் பக்கம். ஆட்டக்காரர்கள் மூக்கைத் துடைப்பது அங்கேதான். ஒன்பதாம் எண்ணின் ஓரத்தில் காய்ந்த சளி பசைபோல ஒட்டியிருந்தது. விரல்நகம் அதைச் சுரண்டியெடுத்தது. கைகள் குழாயடியில் நீண்டு, தம்மைத் தாமே இரண்டு முறை கழுவிக்கொண்டு, அடுத்த ஜெர்சியை எடுத்தன.

கீழே டோபிக் கடையில் காசு போட்டால் ஓடும் மெஷின்கள் இருக்கின்றன. ஒருமுறை அங்கே போட்டதில் எண்களெல்லாம் செதில் செதிலாக உரிந்து வந்துவிட்டன. அன்றிலிருந்து கைத்துவையல்தான். வெந்நீர் ஆகாது, பிரஷ் ஆகாது, வெயிலிலும் காயப்போடக் கூடாது. குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் வினிகர்க் காடி ஊற்றி ஊறவைத்தால் நாற்றம் பாதி இறங்கும். மீதிப் பாதியைத் துவைக்கிறவன் மூக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பதினைந்தாம் எண் மட்டும் தனியாக, நாற்காலி முதுகில் தொங்கியது. அதுவும் நேற்று ஆட்டத்துக்குப் போய் வந்ததுதான். ஆனால் அதில் வியர்வை இல்லை, கறை இல்லை. முகர்ந்தால் போன வாரத்துச் சோப்பு வாசம்தான் வந்தது. மற்றவர்களின் சளியைத் தாங்கிக்கொண்ட அந்தோணிராஜுக்கு அந்தச் சோப்பு வாசம்தான் குமட்டியது. அது அவனுடைய ஜெர்சி.

அந்தோணிராஜ் ஒரு தொழில்முறைக் கூடைப்பந்தாட்டக்காரன். உயரம் ஆறடி நான்கு அங்குலம். பாயான் பாருவில் அவன் குடும்பம் குடியிருந்த ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு சிமெண்டுத் தளமும் இரண்டு வளையங்களும் உண்டு. சாயங்காலமானால் சீனப் பையன்கள் ஆடுவார்கள். ஆள் குறைந்த ஒரு நாள் இவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஹொக்கியன் மொழியில் திட்டு வாங்கியே ஆட்டம் பழகினான். எறிவதில் அவன் சுமார்தான். அதை அவனே ஒப்புக்கொள்வான். ஆனால் அடுத்தவன் எறிந்த பந்து வளையத்தில் மோதினால் எந்தப் பக்கம் திரும்பி விழும் என்பது அவன் கால்களுக்கு முன்னமே தெரிந்துவிடும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அவன் போய் நின்றிருப்பான். இடுப்பில் முழங்கை இடிக்கும், முதுகில் இன்னொருவன் சாய்ந்து அழுத்துவான். அந்த நெரிசலுக்குள் கையை உயர்த்திப் பந்தைப் பறித்துக்கொண்டு வருவதில் அவனுக்கு ஒரு சுகம்.

அந்தச் சுகத்தை நம்பித்தான் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, தஞ்சோங் டைட்டன்ஸ் குழுவில் கையெழுத்துப் போட்டான். முதல் வருடம் ஆட்டத்துக்கு ஐந்தாறு நிமிடமாவது கிடைத்தது. மறு வருடம் வெளிநாட்டிலிருந்து இரண்டு நெட்டை ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து வளையத்தடியில் நிறுத்தினார்கள். அந்தோணிராஜின் இடம் பெஞ்சின் ஓரம், தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் என்றாகிவிட்டது.

குழுவின் மேனேஜர் புவனேஸ்வரன் அப்போதுதான் துணிமூட்டையை அவன் காலடியில் போட்டார்.

"நீ ஒருத்தன்தான் களைப்பே இல்லாம இருக்க. ஜெர்சியெல்லாம் நீயே பாத்துக்க லா, தம்பி."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவனும் சிரித்துக்கொண்டே எடுத்துப்போனான். அதை நினைத்தால் இப்போதும் அவனுக்குத் தன் பல்லின் மீதே வெறுப்பு வரும்.

அப்படியும் அவன் விலகவில்லை. அவன் கேட்டதெல்லாம் ஓர் ஆட்டம். இரண்டு குழுவும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும்போது உள்ளே அனுப்ப வேண்டும், எதிராளி அவனைத் தடுக்கப் பாடுபட வேண்டும். அப்படி ஒன்று ஆடிவிட்டால், தோற்றாலும் பரவாயில்லை, தன்னை ஆட்டக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குழு அவனுக்கு வேறொரு வேலை வைத்திருந்தது. போன தீபாவளிக்கு வேட்டி கட்டச் சொல்லி, கையில் பந்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மறுவாரம் அவனுடைய அக்கா வெரோனிக்கா மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்து போன் செய்தாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"டேய், நீ எப்படா மதம் மாறுன?"

"என்னக்கா?"

"நகைக்கடை மேல பேனர்ல மாடி உசரத்துக்கு நிக்கிற. நெத்தி நெறயப் பட்டை, நடுவுல குங்குமம். ஞாயித்துக்கெழம ஃபாதர் உனக்கு நன்மை அப்பம் குடுப்பாரான்னு கேட்டுக்க."

போய்ப் பார்த்தான். உண்மைதான். கம்ப்யூட்டரில் வைத்துத் தீட்டிய திருநீறு, ஒரு மயிர்கூடக் கலையாமல் நேர்கோடாக இருந்தது. கீழே, தஞ்சோங் டைட்டன்ஸ் சார்பில் தீபாவளி வாழ்த்துகள். புவனேஸ்வரனிடம் கேட்டான்.

"அண்ணே, நான் மாதா கோயிலுக்குப் போறவன்னு உங்களுக்குத் தெரியும்லே?"

"தெரியும்பா. ஆனா பாக்குற ஜனத்துக்கு நம்மாளுன்னு தெரிய வேணாமா? வெறும் நெத்தியோட நின்னா எவனோ மாடலுன்னு நெனைச்சிக்குவான்."

"நான் ஆடுறவன்னு தெரிஞ்சா பத்தாதா?"

"நீ எங்க ஆடுற?" என்றார் புவனேஸ்வரன். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பவர்போல வெகுளியாகக் கேட்டார். அவன் வாய் கசந்தது.

அந்த பேனரைக் காட்டித்தான் இந்த சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு லிட்டில் இந்தியா கடைத்தெரு முழுக்க டிக்கெட் விற்றார். நம்ம பையன் ஆடுறான், வாங்க, வாங்க. துணிக்கடைப் பெண்கள் வந்தார்கள். நோட்டு மாற்றும் கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். வெரோனிக்கா தன் பங்குக்கு ஒரு வேன் நிறைய ஃப்ளாட்டுக்காரர்களை ஏற்றிவந்தாள். போதாதற்கு உறுமி மேளம் வேறு.

நான்கில் மூன்றாவது பகுதிவரை இரண்டு குழுவும் சமமாகவே போயின. வளையத்தடியில் நின்ற நெட்டையனுக்கு மூச்சு இரைத்தது, திரும்பி விழுந்த பந்தெல்லாம் எதிராளி கைக்கே போயிற்று. அந்தோணிராஜ் தானாகவே எழுந்து முழங்காலை மடக்கி நீட்டினான். கோச் அவனைத் தாண்டி வேறொருவனைக் கூப்பிட்டார். உட்கார்ந்தான். பின்னாலிருந்து "ராஜு! ராஜு!" என்று கத்தினார்கள். திரும்பிப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் குழு இருபது புள்ளி பின்தங்கியது. இனி ஜெயிக்க வழியில்லை என்று ஆனபிறகு புவனேஸ்வரன் கோச்சின் காதில் ஏதோ ஓதினார். கோச் விரலை நீட்டினார். அந்தோணிராஜ் கோட்டோரம் போய் நின்றபோது புவனேஸ்வரன் தோளில் கை போட்டார்.

"எதிர் டீம்ல பேசிட்டேன். பந்து உன் கைக்கு வரும். ஒருத்தனும் குறுக்க வரமாட்டான். நீ போடு, நம்ம போட்டோக்காரன் எடுத்துக்குவான். முடிஞ்சிதுலா."

அந்தக் கை தோளில் ஈரமாக, சூடாக இருந்தது. உதறிவிட்டு உள்ளே போனான்.

சொன்னபடியே பந்து வந்தது. அவனைத் தடுக்க வேண்டியவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றான். பல்லெல்லாம் சிரிப்பு.

"ஷூட் லா, ப்ரோ."

எதிரே வளையம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் போட்டோக்காரர் ஒரு காலை மடக்கிக் காத்திருந்தார். இத்தனை வருடம் எவனாவது இடிக்க மாட்டானா என்று ஏங்கியவனுக்கு வழிவிட்டு நிற்கிறார்கள்.

பந்து கைக்கு வந்த குழு இருபத்துநாலு வினாடிக்குள் எறிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும் என்பது சட்டம். அந்தோணிராஜ் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"போடு! போடுடா!" என்று கூட்டம் கத்தியது. உறுமி அடித்துக்கொண்டே இருந்தது. எதிரே நின்றவன் முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. மணி அலறியது. அந்தோணிராஜ் நடந்து போய் நடுவர் கையில் பந்தைக் கொடுத்தான். மீதி நேரம் முழுக்க எவனும் அவன் பக்கம் பந்தை வீசவில்லை.

வேனிலிருந்து இறங்கும்போது வெரோனிக்கா சொன்னாள்.

"பயந்துட்டானான்னு நம்ம ஃப்ளாட்டுப் பொம்பளைங்க கேட்டாளுங்க."

"நீ என்ன சொன்ன?"

"என் தம்பிக்குப் பிச்சை வாங்கிப் பழக்கமில்லன்னு சொன்னேன். போய்ச் சாப்பிடு. கோழிப் பெரட்டல் இருக்கு."

காலையில் எழுந்ததும் மூட்டையைப் பிரித்தான். துவைக்காமலே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நாற்றத்தோடு ஒரு பொருளை அடுத்தவன் கையில் கொடுப்பதும் அவனால் முடியவில்லை. அக்குள், கழுத்து, வயிறு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தான். நிழலில் உலர்த்தி, எண்கள் மேலே தெரிய மடித்தான்.

மறுநாள் மூட்டையோடு ஆபீசுக்குப் போனபோது புவனேஸ்வரன் முகம் கடுகடுவென்று இருந்தது.

"என்னைய அசிங்கப்படுத்திட்டியேப்பா. எத்தனை பேருகிட்ட சொல்லி வச்சிருந்தேன் தெரியுமா?" என்றார். பிறகு தாமே தணிந்தார். "சரி, விடு. தைப்பூசத்துக்கு ஒரு பேனர் போடப்போறேன். தோள்ல காவடி, கையில பந்து. அலகெல்லாம் நெஜமா குத்த வேணாம், கம்ப்யூட்டர்லயே குத்திக்கலாம். என்ன சொல்ற?"

அந்தோணிராஜ் மூட்டையை நீட்டினான்.

"பிரிச்சிப் பாத்துக்குங்க, அண்ணே."

புவனேஸ்வரன் மேலாகப் புரட்டினார். மேலேயே பதினைந்து இருந்தது.

"இது உன்னோடதாச்சே? சீசன் முடிஞ்சா அவங்கவங்க வச்சிக்கலாம்னு சொன்னேனே."

"வேணாம், அண்ணே. ஒருத்தன் போட்டு ஆடுன மாதிரியே தெரியாது. வேற ஆளைப் பாத்துப் போட்டு விடுங்க, பேனருக்கும் சேத்து."

மேசைமேல் வைக்காமல், புவனேஸ்வரனின் இரண்டு கைகளும் நிறையும்படி மூட்டையைக் கொடுத்தான்.