முதல் வெடியைக் கணக்கில் சேர்த்தவர்

செல்வராணி அக்கா இறந்த செய்தி வந்தபோது என் காதுகள் மூடியிருந்தன. செவன் ஹில்ஸில் ஒரு தகரத் தொழிற்சாலையில், காதுமூடியை மாட்டிக்கொண்டு இயந்திரங்களின் இரைச்சலை அளந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைபேசி இரண்டு தடவை துடித்து அடங்கியது. மூன்றாவது தடவை துடித்தபோது வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்து எடுத்தேன். அவருடைய கணவர் தவராசா அண்ணன்.

"முரளி, ராணி விடியப் போயிட்டா. வேலை நேரத்திலை உமக்குப் போன் அடிக்க வேண்டாம் எண்டு சொன்னவ. என்னாலை பொறுக்கேலாமல் எடுத்தனான்."

நான் உள்ளே திரும்பிப் போய் மீதி அளவுகளை எடுத்து முடித்தேன். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி அளவோடு கிளம்பியிருந்தால் அக்கா என்னை மன்னித்திருக்க மாட்டார். காதுமூடிக்குள் அழுதால் அழுகை நமக்கே பெரிதாகக் கேட்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டவரும் தவராசா அண்ணன்தான். "தேவாரம், திருவாசகம் எல்லாம் வந்திட்டுது. அவ என்ன வேலை செய்தவ எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. கோயிலிலை பாதிப் பேர் அவ துவக்கு விக்கிறவ எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்" என்றார். ஆகவே முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன். செல்வராணி அக்கா துப்பாக்கி விற்றவர் அல்ல. சத்தத்தை அளந்தவர். தொழிற்சாலை, சாலை வேலை, அச்சகம் என்று எங்கே மனிதர்களின் செவி கெடுகிறதோ அங்கே கருவியோடு போய் நிற்பதுதான் எங்கள் சிறிய நிறுவனத்தின் பிழைப்பு. அதில் அவரும் நானும் பதினொரு வருடம் ஒரே மேசையின் இரு பக்கம் இருந்தோம்.

கோயம்புத்தூர்க்காரனான நான் வந்த புதிதில் அவரை 'மேடம்' என்று கூப்பிட்டேன். இரண்டாம் நாளே நிறுத்திவிட்டார். "மேடம் எண்டு கூப்பிடாதேயும். முறைப்பாடு குடுக்கப் பொலிஸுக்கு வந்து நிக்கிற ஆள் மாதிரிக் கிடக்கு." என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றாக்கிக்கொண்டேன். எங்கள் வாழ்நாள் சண்டையும் அன்றே தொடங்கிவிட்டது. எனக்கு அட்டவணை அழகாக இருக்க வேண்டும். அவருக்கு அது உண்மையாக இருக்க வேண்டும்.

துப்பாக்கி எங்களிடம் வந்த கதை இது. பாதர்ஸ்ட் பக்கத்தில், பண்ணைகளை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட்டுக் கட்டுப்படுத்தும் ஒரு நிறுவனம் இருந்தது. நியூ சவுத் வேல்ஸில் துப்பாக்கி ஒலியடக்கி தடைசெய்யப்பட்ட பொருள். தனி அனுமதி உள்ளவர்கள்தான் வைத்திருக்கலாம், அவர்களுக்கு அது இருந்தது. சுடுபவர்கள் ஆறு பேர். அவர்களில் மூத்தவரான கிரெக்குக்கு இடது காது ஏற்கெனவே போய்விட்டது. வலது காதைக் காப்பாற்ற வேண்டும். மூன்று ஒலியடக்கிகளில் எதை வாங்குவது என்று விலை, எடை, ஒலிக்குறைப்பு மூன்றையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி எங்களைக் கேட்டார்கள். ஒன்று டைட்டானியம், இலேசானது, விலை கண்ணைக் கட்டும். இன்னொன்று எஃகு, நடுத்தர விலை, தூக்கினால் தோள் பேசும். மூன்றாவது அலுமினியம், இலேசும் மலிவும்.

சுடுகளத்தில் கிரெக் சுட்டார், நாங்கள் அளந்தோம். அவருடைய காதுக்குப் பக்கத்திலேயே ஒலிவாங்கியைப் பொருத்த வேண்டும் என்று செல்வராணி அக்கா பிடிவாதம் பிடித்தார். சினிமாவில் வருவதுபோல் 'புசுக்' என்று கேட்கும் என்று எதிர்பார்த்திருந்த நான், முதல் வெடிக்கே துள்ளிவிட்டேன். அவர் அசையவில்லை.

"பயமா இல்லையாக்கா?"

"சின்னனிலை இந்தச் சத்தம் கேட்டால் ஓடினனாங்கள். இப்ப சம்பளம் வாங்கிக்கொண்டு கிட்டப் போறன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்பதுபோல் கருவியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

தேநீர் இடைவேளையில் கிரெக் தன் வேலையைப் பற்றிப் பேசினார். பன்றி இரண்டாவது குண்டுக்குக் காத்து நிற்காது, பெரும்பாலும் ஒரே வெடி, அதன் பிறகு அரை மணி நேரம் நடை என்றார். செல்வராணி அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நான் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன்.

அறிக்கையை எழுதியவன் நான். ஒவ்வொன்றிலும் ஐந்து வெடி அளந்திருந்தோம். அலுமினியத்தில் முதல் வெடி மட்டும் மற்ற நாலையும்விட ஓங்கியிருந்தது. ஒரு தடவை எகிறிய அளவைத் தவறி விழுந்தது என்று ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுப்பது எனக்கு வழக்கம். ஒதுக்கினேன். அட்டவணை அழகாகிவிட்டது. மலிவும் இலேசுமான அலுமினியம், ஒலிக்குறைப்பிலும் டைட்டானியத்துக்கு இணையாக வந்து நின்றது. மூன்று கட்டத்திலும் ஒரே வெற்றியாளர். அந்த வாரம் அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என்னை நம்பி செல்வராணி அக்காவும் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து வேறு எதையோ தேடிப் பழைய கோப்பைத் திறந்தவர், என்னைக் கூப்பிட்டார். "முரளி, முதல் வெடி எங்கை?"

"அது தனியா எகிறிடுச்சுக்கா. அதான் விட்டுட்டேன்."

அவர் கத்தவில்லை. ஒரு தாளில் குழாய் ஒன்றை வரைந்து காட்டினார். சுடாமல் கிடக்கும் ஒலியடக்கிக்குள் காற்று இருக்கிறது. முதல் வெடியின் புகை அந்தக் காற்றோடு சேர்ந்து உள்ளேயே இன்னொரு தரம் எரிகிறது, அதனால்தான் சத்தம் கூடுகிறது. அடுத்தடுத்துச் சுட்டால் உள்ளே காற்று இராது, சத்தம் தணியும். "கிரெக் அடுத்தடுத்துச் சுடுற ஆளில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா சுடுறவர். அவருக்கு எல்லா வெடியும் முதல் வெடிதான். நீர் எறிஞ்சது பிழையான அளவை இல்லை, அவரின்ரை காதை" என்றார்.

விஷயத்தை எங்கள் மேலாளரிடம் கொண்டுபோனோம். மேலாளர் பதறவில்லை. திருத்திய பக்கத்தை மின்னஞ்சலில் இணைத்து, 'புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி போட்டு அனுப்பிவிடலாம் என்றார். நானும் ஒட்டிக்கொண்டேன். "ஆமாக்கா, மெயில்ல அனுப்பிடலாமே. இதுக்குன்னு மலை தாண்டிப் போகணுமா?"

"மெயிலைத் திறந்து பாக்காட்டி என்ன செய்வீர்? பிழையை அனுப்பக் கூடாது, கொண்டுபோய்க் குடுக்கோணும். வாறீரோ, நான் தனியப் போகட்டோ?"

போனோம். வழி முழுக்க நான் சாக்குச் சொல்லிக்கொண்டே போனேன், அவர் கார் ஓட்டினார். அந்த நிறுவனத்தின் முதலாளி ஏற்கெனவே ஆறு அலுமினிய ஒலியடக்கிகளுக்குச் சொல்லிவிட்டிருந்தார். செல்வராணி அக்கா உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "எங்கள் அறிக்கை பிழை. நான் கையெழுத்துப் போட்டது." என் பெயரை எடுக்கவே இல்லை. நான்தான் வெட்கம் தாளாமல், "செய்தவன் நான்" என்றேன். முதலாளி எங்களைப் பார்த்த பார்வையில் காபி கூடத் தரமாட்டார் என்று தெரிந்தது. இனி உங்களிடம் வேலை இல்லை என்றார், சொன்னபடியே கடைசிவரை எங்களைக் கூப்பிடவில்லை.

கார் வரைக்கும் கிரெக் கூடவே வந்தார். "உங்கள் காதாக இருந்தால் எதை மாட்டுவீர்கள்?" என்று கேட்டார்.

"எஃகு. பாரம்தான், ஆனால் முதல் வெடியில் அதுதான் நல்லது. அதற்கு மேலே காதுமூடியும். இரண்டும் வேண்டும், ஒன்றை நம்பி மற்றதைக் கழற்றக் கூடாது" என்றார் அக்கா. கிரெக் தலையாட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் கட்டூம்பாவில் நிறுத்தி எனக்கு ஒரு சூடான 'பை' பலகாரம் வாங்கிக் கொடுத்தார். நல்ல வாடிக்கையாளர் போய்விட்டாரே என்று நான் புலம்பினேன். "வாடிக்கையாளர் வருவினம், போவினம். காது போனால் வராது. சாப்பிடும், ஆறப்போகுது" என்றார்.

கடைசியாக அவரைப் பார்த்தது பரமட்டாவுக்கு அருகே, மருத்துவமனையில். உடம்பு பாதியாகியிருந்தது. நலம் விசாரிக்கப் போனவனிடம் அவர் விசாரித்தார்: "எங்கடை படிவத்திலை முதல் வெடிக்கு, மெசின் எண்டால் முதல் அடிக்கு எண்டு தனிக் கட்டம் போடச் சொன்னனான். போட்டாச்சோ?"

"போட்டாச்சுக்கா" என்றேன். பொய். மேலாளர் பார்க்கலாம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தார், நானும் விட்டுவிட்டேன். சாகக் கிடப்பவரிடம் பொய் சொன்ன அவமானம் வீடு வரை கூட வந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக மேலாளரின் அறைக்குள் போய், அந்தக் கட்டம் வரும்வரை எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மதியத்துக்குள் கட்டம் வந்துவிட்டது. அக்கா அதற்குப் பின் ஒன்பது நாள் இருந்தார். பொய்யை ஒப்புக்கொள்ள வார்த்தை தேடிக்கொண்டே இருந்தேன், போகவில்லை. அதற்காக இங்கே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இறுதிச் சடங்கில் பின்வரிசையில் டை கட்டிய ஒரு வெள்ளைக்காரர் நின்றதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். யார் என்று பலர் என்னிடம் கேட்டீர்கள். அவர்தான் கிரெக். ஓதுவார் பாடி முடித்து மண்டபம் அடங்கியிருந்த நேரம். கிரெக்கின் வலப்பக்கமாக வந்து நின்ற தவராசா அண்ணன், குரல் உடைந்து, எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு மெதுவாக, வந்ததற்கு நன்றி சொன்னார். வலது காதில் அது விழ, கிரெக் உடனே திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்காவிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி முடிக்க வேண்டும். சென்ற வாரம் பிளாக்டவுனில் ஒரு பேக்கரிக்கு நான் கொடுத்த அறிக்கையில் ஓர் இயந்திரத்தை அளக்காமல் விட்டிருந்தேன். யாருக்கும் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. அக்கா இருந்திருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பார். இந்தத் தடவை இழுக்க ஆளில்லை. நானே காரை எடுத்தேன். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்டார். "ஒரு பிழை செய்துவிட்டேன், சொல்ல வந்தேன்" என்றேன். பிழையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போகும் அந்தத் துணிச்சல் எனக்குச் சொந்தமானதல்ல, செல்வராணி அக்காவுடையது. அதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை.