சைலன்சரில் பூட்டிய போல்ட்

மாமா எனக்குத்தான் மாமா. அவளுக்கு வெறும் சித்தப்பா. இந்த நியாயத்தை நான் எடுத்துச் சொல்லாத ஆள் எங்கள் வீட்டில் இல்லை. காது கொடுத்துக் கேட்ட ஆளும் இல்லை.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, கோப்பாயில் எங்களோடுதான் இருந்தார். அவரிடம் ஒரு சிவப்பு மோட்டச் சைக்கிள் இருந்தது. பெற்றோலைக் கண்ணால் காண்பதே அருமையான காலம் அது. யாழ்ப்பாணத்து மோட்டச் சைக்கிள்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் எஞ்சின் லேசில் எழும்பாது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, இரண்டு சொட்டை உள்ளே விட்டு, உதைத்து எழுப்பிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எங்கள் வீட்டில் அது காது மருந்து வந்த போத்தல். அதைப் பிடித்துக்கொண்டு மாமாவுக்கு முன்னால் எண்ணெய்த் தாங்கியின்மேல் ஏறி உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவேன். வழியில் நடந்து போகிற பிள்ளைகளை நான் பார்ப்பதில்லை, அவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று மட்டும் பார்ப்பேன்.

அளவெட்டிப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் பெரிய மாமா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர்களோடு வந்தாள் பெரிய மாமாவின் மகள், என் மச்சாள். என்னுடைய வயதுதான். என்னைவிட நிறம், என்னைவிட ஒல்லி. போதாததற்குப் பாடவும் செய்தாள். வந்த அன்றைக்கே சாமியறையில் ஒரு தேவாரம் பாட, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டா. நான் அந்தச் சாமியறையில் எத்தனை நாள் பாடியிருக்கிறேன், ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை.

அடுத்த வாரமே என் இடம் பறிபோனது. அவள் ஒல்லி என்பதால் முன்னுக்கு, நான் கனம் என்பதால் பின்னுக்கு. போத்தலும் அவள் கைக்குப் போயிற்று. "முன்னுக்கு இருக்கிற ஆள்தானே பிடிக்கவேணும்" என்றார் மாமா. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் மத்தியானம் பிட்டும் மாம்பழமும் இருந்தது.

அந்த நாட்களில்தான் மாமா சைலன்சரில் ஓட்டை போட்டார். மண்ணெண்ணெய்ப் புகை உள்ளே கரியாகப் படிந்து குழாயை அடைத்துவிடும், வண்டி மூச்சு முட்டி இருமும். ஒவ்வொரு முறையும் சைலன்சரைக் கழற்றிச் சுத்தம் செய்வது பெரிய கரைச்சல். அதனால் கைத்துறப்பணத்தால் குழாயின் வளைவில் ஒரு துளை போட்டார். கரண்ட் இல்லாத ஊரில் வெல்டிங்குக்கு எங்கே போவது? தெரிந்த கொல்லுப்பட்டறையில் பித்தளை உருக்கி, துளையின்மேல் ஒரு நட்டை ஒட்டுவித்துக்கொண்டு வந்தார். அதில் செப்பு வாசர் போட்டு ஒரு போல்ட்டைப் பூட்டினார். போல்ட்டைக் கழற்றினால் கம்பி விட்டுக் கரியைக் குத்தி எடுக்கலாம். முருங்கைமரத்தடியில் இந்த வேலை நடந்தபோது மாமாவுக்குப் பக்கத்தில் ஸ்பனரோடு குந்தியிருந்தது யார்? அவள்தான். இரண்டு பேரும் ஏதோ குசுகுசுத்துச் சிரித்தார்கள். நான் கிட்டப் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஒரு புது வழக்கம் தொடங்கியது. பள்ளிக்கூடப் பாதையில் ஒரு பிள்ளையார் கோயில். அதற்கு அப்பால் ஒரு ஒழுங்கை, அதன் தொடக்கத்திலேயே வாசலுக்குப் பச்சைப் படலை போட்ட ஒரு வீடு. மாமா கோயிலடியில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிக் கும்பிடுவார். அதற்குள் மச்சாள் குதித்து இறங்கி, ஸ்பனரைப் பழந்துணியால் பிடித்து அந்தப் போல்ட்டை ஒருமுறை திருகிப் பார்ப்பாள். "இறுக்கமா இருக்கோ எண்டு பாக்கிறன்" என்பாள் என்னிடம், பெரிய மெக்கானிக் கணக்கில். அவள் தொட்ட பிறகு வண்டி புறப்பட்டால் ஊரே அதிரும். படபடபடவென்று ஒரு சத்தம்! பச்சைப் படலையைத் தாண்டிப் போய், பாதை வளைகிற முடக்கில் நிறுத்தி, மாமா தானே போல்ட்டை இறுக்குவார். சத்தம் அடங்கும். ஒரு நாளல்ல, தினமும் இதே கூத்து.

எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. பாட்டுக்காரிக்கு ஒரு போல்ட் பூட்டத் தெரியவில்லை! அந்தப் படலையடியில் அந்த நேரம் பார்த்து ஒரு அக்கா தினமும் பூப்பறித்துக்கொண்டு நிற்பா. அவவுக்கு முன்னால் இப்படி மானம் போகிறதே என்று மாமாவுக்காகக்கூட வெட்கப்பட்டேன்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் என்னைப் பெற்ற ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "ஐயா, அவளுக்குப் பூட்டத் தெரியாது. அவள் தொட்டாப் பிறகுதான் சத்தம் வருது. ஒருநாளைக்குக் கழண்டு விழப்போகுது."

ஐயாவிடம் எதைச் சொன்னாலும் கம்பியால் கட்டிவிடுவார். எங்கள் வீட்டு வாளிப்பிடி, குடை, படலை, கோழிக்கூடு எல்லாம் ஐயாவின் கம்பியில்தான் நின்றன. கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு வந்து, போல்ட்டை மூச்சுப் பிடித்து இறுக்கி, அதன் தலையைச் சுற்றிக் கம்பியைப் போட்டு, சட்டத்தோடு சேர்த்து முறுக்கு முறுக்கென்று முறுக்கினார்.

"உங்களுக்கேன் அத்தான் உந்தக் கஷ்டம், நான் பாக்கிறன்" என்று மாமா இரண்டு மூன்று தரம் சொன்னார்.

"பிள்ளையள் போற வாகனமடாப்பா. இனி உது சென்மத்துக்கும் அசையாது" என்றார் ஐயா.

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் என்னை எரிக்கலாம். நான் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கோயிலடியில் மாமா கும்பிடவில்லை. இரண்டு பேரும் போல்ட்டோடு மல்லுக்கட்டினார்கள். கம்பி மச்சாளின் விரலைக் கிழித்ததுதான் மிச்சம். குறடு ஐயாவின் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. ஹோர்ன் அடிக்கலாம் என்றால், பற்றறி இல்லாமல் அது ஊமையாகிக் கனகாலம். வண்டி மெல்ல இருமிக்கொண்டு போனது, தெருவில் போகிற மற்ற வண்டிகளைப்போலவே. படலை பூட்டிக்கிடந்தது. பூமரத்தடியில் ஒருவரும் இல்லை. விறாந்தையில் மூட்டைகள் கட்டி அடுக்கியிருந்தார்கள்.

மாமா நிறுத்திவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. அப்போது மச்சாள், தாங்கியில் இருந்தபடியே, வாயைத் திறந்து தேவாரம் பாடத் தொடங்கினாள். நடுத்தெருவில்! அதுவும் உச்சக்குரலில்! எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. எங்கே போனாலும் எடுப்புக் காட்டாமல் இவளுக்கு இருக்கேலாதோ? எனக்கும் பாடத்தெரியும் என்று நானும் பாடினேன். அவள் சுருதியில் பாடினாள், நான் சத்தத்தில் பாடினேன். அடுத்த வளவு நாய்கள் குரைத்தன. படலை திறந்தது.

அந்த அக்கா வந்து நின்றா. கண்கள் வீங்கியிருந்தன.

"மோட்டச் சைக்கிள் சூடாகிப் போச்சு. கொஞ்சம் தண்ணி தாறியளே?" என்றார் மாமா.

செம்பில் தண்ணீர் வந்தது. மச்சாளுக்குக் கிடைத்துவிடக்கூடாது என்று நான் வாங்கி முழுவதையும் குடித்தேன். அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் மெதுவாய்க் கதைத்தார்கள். "ஞாயிற்றுக்கிழமை கிளாலியால வள்ளத்தில கடல் கடந்து கொழும்புக்குப் போறம். மாப்பிள்ளை கனடா" என்றா அந்த அக்கா. "நாளைக்கு அத்தானோட வாறன். போயிடாதையுங்கோ" என்றார் மாமா. பிறகு அந்த அக்கா மச்சாளின் தலையைத் தடவி, "நல்லாப் பாடுறீர்" என்றா. என்னை ஒன்றும் சொல்லவில்லை.

இந்த அநியாயத்தைப் பொறுக்கமுடியாமல் வீட்டுக்கு வந்த கையோடு அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். தண்ணீர், கிளாலி, கனடா, அத்தானோடு வாறன், ஒன்றையும் விடவில்லை. அம்மா ஐயாவைப் பார்த்தா. ஐயா சைலன்சரைப் பார்த்தார். மாமா எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். "வேட்டியை எடுத்து வை" என்றார் ஐயா அம்மாவிடம். சனிக்கிழமை விடியக் காலையில் அவரே குறட்டால் அந்தக் கம்பியை வெட்டிவிட்டுத்தான் மாமாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளாலிக்கு யாரும் போகவில்லை.

அந்த அக்கா இப்போது என் மாமி. குடும்பம் கூடுகிற இடமெல்லாம் மாமி அந்தக் கதையைச் சொல்லுவா, "அண்டைக்கு இவள் பாடினபடியால்தான் நான் வெளியில வந்தனான்" என்று மச்சாளைக் காட்டி. என் குரல்தான் கூடக் கேட்டிருக்கும் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார்கள்.

போன கிழமை மச்சாளிடமே கேட்டேன், உனக்கு அண்டைக்கு எப்பிடியடி விளங்கினது என்று.

"விளங்கிறதோ? சித்தப்பா முருங்கையடியில வைச்சு எல்லாம் சொன்னவர். அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவ வெளியில வருவா எண்டு. இறுக்கிற மாதிரிக் காட்டி இளக்கிவிடு, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டவர். உனக்கும் சொல்லுவமோ எண்டு கேட்டனான். வேண்டாமெண்டிட்டார்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். எனக்கு இந்த வயதில் வயிறு பற்றி எரிந்தது. ஒரு காது மருந்துப் போத்தலுக்காக நான் அழுத அழுகையெல்லாம் வீண். மாமா அவளிடம் கொடுத்து வைத்திருந்தது அதையல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது.